கைலி, பிளேடு, ஆறு ஞாயிறு: வண்ணாரப்பேட்டை மாடி வகுப்பு எப்படி?

வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடியில் நடக்கிற துணிக்கலை வகுப்பில் பணம் கட்டிச் சேர்ந்தேன், ஆறு ஞாயிறும் ஒன்று விடாமல் போனேன், முடிந்து மூன்று வாரம் ஆகிறது. சேரலாமா என்று இதுவரை நாலைந்து பேர் போன் பண்ணிக் கேட்டுவிட்டார்கள், அதனால் மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். ஒரே வார்த்தையில் கேட்டால், சேருங்கள். ஆனால் பிளவுஸுக்கு ஆரி ஒர்க் போடக் கற்றுக்கொண்டு வீட்டிலிருந்தே சம்பாதிக்கணும் என்றால் இந்த இடம் வேண்டாம், அதற்கு நம் பக்கத்தில் தெருவுக்கு ஒரு கிளாஸ் நடக்கிறது, எல்லாமே ஓரளவு நன்றாகத்தான் சொல்லித்தருகிறார்கள். இங்கே கற்றுத்தருவது வேறு. துணியை வைத்துச் சுவரில் மாட்டும்படி ஒன்றைச் செய்வது, அதற்கு முன்னால் துணி என்றால் என்னவென்றே பார்க்கக் கற்பது. எனக்கு இந்த இரண்டாவதுதான் பெரிதாகப் பட்டது.

இடம் பழைய வண்ணாரப்பேட்டை. தியாகராயா கல்லூரி மெட்ரோவில் இறங்கி எம்.சி. ரோடு பக்கம் வர வேண்டும், வெயில் நேரமென்றால் ஆட்டோ பிடித்துவிடுங்கள். லைனிங் துணி, ஃபால்ஸ், ஊக்கு, பட்டன் என்று தையல் சாமான் விற்கிற கடைகள் இருக்கிற ஒரு சந்து. அதில் ஒரு கடைக்கு மேலே இரண்டாவது மாடி. போர்டு கிடையாது, பெயரே இன்னும் வைக்கவில்லை. கீழே இருக்கிற கடையில் "மாடியில கிளாஸ்" என்று சொன்னால் கையைக் காட்டுவார்கள். படிக்கட்டு செங்குத்தாக இருக்கும், ஒருவர் ஏறும்போது இன்னொருவர் இறங்க வழியில்லை. முழங்கால் வலி இருக்கிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். பாத்ரூம் முதல் மாடியில்.

நடத்துவது இரண்டு பேர். அக்கா என்று நாங்கள் கூப்பிடுகிறவர் ஜவுளி வடிவமைப்பு படித்துவிட்டுப் பல வருடம் ஏற்றுமதி கம்பெனிகளில் இருந்தவர். மாஸ்டர் ராயபுரத்துக்காரர், பதினான்கு வயதில் ஆரி ஊசியைக் கையில் எடுத்தவர், இப்போது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கட்டணம் ஆறு வாரத்துக்கு 5,400 ரூபாய். கைலி, நூல், பிளேடு, சாயம், மதியம் ஒரு டீ எல்லாம் அதற்குள் அடக்கம். காலை பத்திலிருந்து ஒரு மணி என்று சொல்வார்கள், இரண்டு ஆகிவிடும்.

முதல் ஞாயிறு, நான்கு பக்கமும் ஆணி அடித்த ஒரு மரச்சட்டத்தைக் கொடுத்துப் பாவு, அதாவது நீளவாட்டு இழைகளை, கட்டச் சொன்னார்கள். பாவுக்கு நடுவில் ஒன்று மேலே ஒன்று கீழே என்று ஊடையை, அதாவது குறுக்கு இழையை, விரலாலேயே ஓட்ட வேண்டும். ஒரு மணி நேரத்தில் உள்ளங்கை அகலம்தான் வந்தது எனக்கு. அப்புறம் ஆளுக்கு ஒரு கைலித் துண்டு, ஒரு பூதக்கண்ணாடி, நடுவில் ஒரு அங்குலச் சதுரம் வெட்டிய அட்டை. அந்தச் சதுரத்துக்குள் எத்தனை இழை இருக்கிறது என்று எண்ண வேண்டும், அவ்வளவுதான். முதல் தடவை 64 வந்தது, அடுத்த தடவை 70, மூன்றாவது தடவை குண்டூசியால் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி எண்ணியபோது 68. பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு அதே துணியில் 72. அக்கா யாரையும் திருத்தவில்லை, கையால் நெய்த துணியில் இடத்துக்கு இடம் மாறும் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

எங்கள் தாத்தா பி அண்ட் சி மில்லில் நெசவுப் பிரிவில் வேலை பார்த்தவர். பெரம்பூர், புளியந்தோப்பு பக்கத்தில் பாதிக் குடும்பங்களுக்கு அந்த மில்தான் சோறு போட்டது. 1876-ல் பக்கிங்ஹாம் மில், 1881-ல் கர்னாடிக் மில், பிறகு இரண்டும் ஒன்றாகி, கடைசியில் 1996-ல் மொத்தமாக மூடினார்கள். 1918-ல் இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானதே அந்தத் தொழிலாளர்களால்தான். சங்கம், வேலைநிறுத்தம், மில் மூடியது என்று எல்லாமே வீட்டில் பேசிக் கேட்டிருக்கிறேன். ஆனால் தாத்தா நெய்த துணி எப்படி இருந்தது, ஒரு அங்குலத்தில் எத்தனை இழை, அறுந்தால் எப்படி முடி போடுவார் என்று யாரும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. அட்டைச் சதுரத்துக்குள் எண்ணிக்கொண்டிருக்கும்போது அதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது, மூன்றாவது ஞாயிறு இழை அறுக்கிற வேலை. இந்த வகுப்பின் உயிர் இதுதான், இதற்காக மட்டுமே 5,400 கொடுக்கலாம்.

ஆப்பிரிக்காவில் நைஜீரியாவின் நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் கலபாரி என்று ஒரு மக்கள் இருக்கிறார்கள். நம் ஊர்க் கட்டம் போட்ட பருத்தித் துணி, உலகம் முழுக்க 'மெட்ராஸ்' என்று பெயர் வாங்கிய அதே துணி, பல தலைமுறையாகக் கப்பலேறி அவர்களுக்குப் போயிருக்கிறது. அவர்கள் அதை இஞ்சிரி என்கிறார்கள். போன துணியை அவர்கள் அப்படியே கட்டிக்கொள்ளவில்லை. கலபாரிப் பெண்கள் ஊசியால் இழையைத் தூக்கி, பிளேடால் அறுத்து, உருவி எடுத்து, கட்டத்துக்குள் புதிதாக ஒரு கோலத்தைக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பெயர் பெலெட்டே பிட்டே. பெலெட்டே என்றால் அறுத்தது, பிட்டே என்றால் துணி. ஆணும் பெண்ணும் இடுப்பில் சுற்றிக் கட்டுவார்கள், பெரியவர்கள் இறந்தால் அந்தச் சடங்குகளிலும் இந்தத் துணிகளுக்கு இடம் உண்டு, கோலங்களுக்குத் தனித்தனிப் பெயர் கூட உண்டு. மேலே எதையும் சேர்க்காமல், இருப்பதை எடுத்தே உண்டாக்குகிற வேலை. நம் துணியை வைத்து இன்னொரு கடற்கரையில் இப்படி ஒரு கலையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பது நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது, நாற்பத்தோரு வயதில் இந்த மாடியில்தான் முதல்முறையாகக் கேள்விப்பட்டேன்.

செய்முறை கேட்க எளிது. அக்கா குடியாத்தத்திலிருந்து வரவழைத்த கைத்தறிக் கைலி, கருநீலமும் மெரூனும் கட்டம், நடுநடுவே வெள்ளைக் கோடு. வெளிர் இழையைத்தான் பெரும்பாலும் எடுக்க வேண்டும், அடர் நிறம் தங்கும். பாதியாக உடைத்த சவர பிளேடு, பிடிக்கிற பக்கத்தில் டேப் சுற்றியிருக்கும். இடது கையில் ஊசி. ஊசி முனையை வெள்ளை இழைக்குக் கீழே கொடுத்து ஒரு மயிரிழை உயரம் தூக்க வேண்டும், தூக்கினதை பிளேடால் தொட்டாலே போதும், அறுந்துவிடும். கோலம் எங்கே முடிய வேண்டுமோ அங்கே இன்னொரு வெட்டு. அப்புறம் நடுவில் இருக்கிற துண்டை ஊசியால் கிளப்பி மெதுவாக உருவ வேண்டும், அப்போது துணி லேசாகச் சுருங்கி, இழை வெளியே வந்ததும் திரும்ப விரியும். பாவில் மட்டும் எடுத்தால் அந்த இடத்தில் ஊடை இழைகள் மட்டும் சன்னல் கம்பி மாதிரி வரிசையாகக் கிடக்கும், வெளிச்சம் பாதி தெரியும். பாவு ஊடை இரண்டிலும் எடுத்தால் முழு ஓட்டை. இந்த மூன்று நிலையை, மூடினது, பாதி தெரிவது, முழுக்கத் தெரிவது, மாற்றி மாற்றி வைத்துத்தான் மொத்தக் கோலமும்.

ஃபேனை அணைத்துவிடுவார்கள், உருவின இழை பறந்து கண்ணில் விழும் என்பதால். அந்த மாடியில் மதியம் பன்னிரண்டுக்கு ஃபேன் இல்லாமல் உட்கார்வது எப்படி இருக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பருத்தித் துண்டு ஒன்று கொண்டுபோங்கள், கை வியர்த்தால் பிளேடு வழுக்கும்.

மூன்றாவது ஞாயிறு, ஏறக்குறைய முடியும் நேரத்தில், வெள்ளை என்று நினைத்து மெரூன் இழை ஒன்றை அறுத்துவிட்டேன். நடுக் கோலத்தில். நெஞ்சு திக்கென்று ஆனது, இரண்டு வார வேலை. மாஸ்டர் வந்து பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் கைலியின் ஓரத்திலிருந்து அதே மெரூனில் ஒரு நீள இழையை உருவி, ஊசியில் கோத்து, அறுந்த இழை போன வழியிலேயே மேலே கீழே, மேலே கீழே என்று இருபுறமும் இரண்டு விரல் அகலம் கூடுதலாக ஓட்டினார். முடிச்சே போடவில்லை. "ஓரத்துல எப்பவும் கொஞ்சம் நூல் வச்சுக்கணும்மா, துணியோட மருந்து துணியிலயேதான் இருக்கு" என்றார். இப்போது அந்த இடம் எங்கே என்று கேட்டால் எனக்கே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதை வட சென்னையில் உட்கார்ந்து கற்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது, அக்கா அதை நன்றாகவே சொன்னார். வண்ணாரப்பேட்டை என்ற பெயரே கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி வெளுத்துக் கொடுத்தவர்களால் வந்தது. காலடிப்பேட்டை என்பது காலடி பற்றினதே இல்லை, 1717-லிருந்து 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய காலெட் பேட்டை அது. பிட்டி தியாகராயர் நீதிக்கட்சித் தலைவர் என்று படித்திருக்கிறோம், அவர் நெசவுக் குடும்பத்தில் பிறந்து தண்டையார்பேட்டையில் நெசவாலை நடத்தினவர் என்று பாடத்தில் படித்த நினைவு எனக்கு இல்லை. இன்னும் வடக்கே போனால் பழவேற்காடு. மலேசியாவில் கைலிக்கு இன்றைக்கும் 'காயின் பெலிகாட்' என்றுதான் பெயர், பெலிகாட் என்பது நம் பழவேற்காடுதான். நான் தினமும் மெட்ரோவில் பார்த்துக்கொண்டு போகிற ஸ்டேஷன் பெயர்களில் பாதி துணியால் வந்த பெயர்கள்.

நான்காவது ஞாயிறு காசிமேட்டிலிருந்து ஒரு அண்ணன் வந்தார். வலை பழுது பார்க்கிறவர். மாஸ்டருக்கு ஒரு நாளுக்கு என்ன கொடுக்கிறார்களோ அதே தொகைதான் அவருக்கும் என்று அக்கா எங்கள் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார், எனக்கு அது பிடித்திருந்தது. நைலான் கயிறு சுற்றிய வலை ஊசி, கண்ணி அளவு ஒரே மாதிரி வர ஒரு மூங்கில் பட்டை. பட்டையைச் சுற்றிக் கயிறு, மேல் கண்ணிக்குள் ஊசி, கட்டை விரலால் அமுக்கி, பின்னால் ஒரு சுற்று, இழு. அவர் கை போகிற வேகத்தில் ஒன்றும் புரியாது, நான் போனில் வீடியோ எடுத்து வேகத்தைக் குறைத்து வைத்துத்தான் கற்றேன். மூன்று மணி நேரத்தில் என்னால் நாலு வரிசை முடிந்தது, கண்ணிகள் ஒன்றுபோல் இல்லை, ஆனால் முடிச்சு நழுவவில்லை.

அன்று அக்கா மிருணாளினி முகர்ஜியின் சிற்பங்களின் படங்களைக் காட்டினார். 1949-ல் பிறந்து 2015-ல் இறந்தவர். சணல் கயிற்றுக்குச் சாயமேற்றி, முடிச்சு முடிச்சாகப் போட்டே ஆள் உயரத்துக்கு மேல் உருவங்கள் செய்தவர், முன்கூட்டியே வரைபடம் போட்டுக்கொண்டு செய்தவர் கிடையாது. 2019-ல் நியூயார்க்கில் மெட் புரூயர் அருங்காட்சியகத்தில் அவருக்குப் பெரிய கண்காட்சி நடந்தது. காசிமேட்டு அண்ணன் அந்தப் படத்தை வாங்கி, போனில் பெரிதாக்கி, ரொம்ப நேரம் பார்த்தார். "இவ்ளோ கனத்துக்குக் கீழ எடம் தாங்கணுமே, மேலேர்ந்து தொங்க வுட்டுதான் கட்டிருப்பாங்க" என்றார். அப்புறம், "ஒரு ஆளா? எத்தினி மாசம் ஆச்சாம்?" என்று கேட்டார். கலைப் பத்திரிகைகளில் நான் படித்த எதிலும் இந்த இரண்டு கேள்விகளை யாரும் முதலில் கேட்டதில்லை.

ஐந்தாவது ஞாயிறு சாயம். இந்த நாள் சரியாக அமையவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். அவுரி நீலம் என்று ஆவலாகப் போனோம், திண்டிவனம் பக்கம் இன்றும் பயிராகிற செடி அது. தொட்டியில் முக்கி எடுக்கும்போது துணி பச்சையாகத்தான் வரும், காற்று பட்டதும் கண்முன்னே நீலமாக மாறும், அதைப் பார்ப்பது அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அன்று தொட்டி சரியாகப் புளிக்கவில்லை, பன்னிரண்டு பேர் ஒரே பிளாஸ்டிக் டிரம்மைச் சுற்றி நிற்க, ஆளுக்கு இரண்டு முக்குக்கு மேல் நேரமில்லை. பல தடவை முக்கினால்தான் அடர் நீலம் வரும், எங்களுக்கு வந்தது வெளிறிய வானம் மாதிரி ஒன்று. வீட்டில் முதல் அலசலிலேயே பாதி போய்விட்டது. 1950களில் அமெரிக்காவில் நம் மெட்ராஸ் துணி சாயம் போகிறது என்று புகார் வந்தபோது, போவதுதான் இதன் சிறப்பு என்று அதையே விளம்பரமாக்கி விற்றார்கள், அந்தக் கதையை அக்கா சொன்னார், நன்றாக இருந்தது, ஆனால் அது வேறு, கற்றுக்கொள்ள வந்தவருக்குத் தொட்டி தயாராக இருப்பது வேறு. சிவப்புச் சாயம் தருகிற சாயவேர் பற்றியும் பேச்சோடு சரி, கண்ணில் காட்டவில்லை. சாயத்துக்கு இரண்டு ஞாயிறு ஒதுக்க வேண்டும், இல்லையென்றால் எடுத்துவிட வேண்டும். அக்காவிடமே சொன்னேன், நோட்டில் குறித்துக்கொண்டார்.

ஆறாவது ஞாயிறு ஆரி, மாஸ்டரின் நாள்.

முதலில் படம் இறக்குவது. ட்ரேசிங் பேப்பரில் வரைந்து, கோடு முழுக்க ஊசியால் நெருக்கி நெருக்கிக் குத்தி, துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியைப் பஞ்சால் தேய்க்க வேண்டும். பேப்பரை எடுத்தால் துணியில் புள்ளிப் புள்ளியாகக் கோடு நிற்கும். அறை முழுக்க மண்ணெண்ணெய் வாசனை, மாஸ்டருக்கு அது பழக்கம், எனக்குத் தலை கொஞ்சம் வலித்தது, சன்னல் ஓரம் உட்காருங்கள். அப்புறம் துணியை ஸ்டாண்டில் மத்தளத் தோல் மாதிரி விறைப்பாகக் கட்டுவது. பன்னிரண்டு பேருக்கு எட்டு ஸ்டாண்டுதான் இருந்தது, மாற்றி மாற்றி உட்கார்ந்தோம், இதுவும் ஒரு குறை.

ஆரி ஊசியின் முனையில் சின்னக் கொக்கி. நூல் துணிக்கு அடியில், இடது கையில். ஊசி மேலிருந்து இறங்கி, அடியில் நூலைக் கவ்வி, மேலே ஏறி, கொஞ்சம் தள்ளி மறுபடி இறங்கும். நாம் பார்ப்பது மேலே இருக்கிற வலது கையை, வேலை செய்வதோ கண்ணுக்குத் தெரியாத இடது கை. மாஸ்டர் முதல் அரை மணி நேரம் எங்களுக்கு ஊசியே கொடுக்கவில்லை, ஸ்டாண்டுக்குக் கீழே அவர் இடது கையைப் பார்க்கத் தரையில் உட்கார வைத்தார். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நூல், ஊசி இறங்குகிற ஒவ்வொரு முறையும் விரல்கள் ஒரு சின்னச் சுழற்று, அவ்வளவுதான், ஒரு நிமிஷத்தில் எத்தனை தடவை என்று எண்ண முடியவில்லை. அவர் எங்களோடு பேசிக்கொண்டே இருந்தார், கை நிற்கவே இல்லை. கட்ச் பகுதியில் தோல் தைத்த மோச்சிகளின் ஊசியிலிருந்து வந்தது இது, 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போய் டாம்பூர் என்று பெயர் வாங்கியது. பாரிஸ் உடைகளில் மணி கோத்துத் தைக்கிற வேலைக்கும் அடிப்படை இதே கொக்கிதான்.

சுவரில் மாஸ்டர் செய்த ஒரு துணி தொங்குகிறது. நான் ஐந்து வாரம் அதை வெறும் வெள்ளை வேட்டி, திரைக்காக மாட்டியிருக்கிறார்கள் என்றே நினைத்திருந்தேன். ஆறாவது வாரம் நேரம் தள்ளிப்போய் மூன்று மணி ஆனது, சன்னல் வெயில் சாய்வாக விழுந்தபோதுதான் தெரிந்தது. வெள்ளையில் வெள்ளை நூல். மாங்காய், மயில், அன்னம், தாமரை, யானை, மணமகள் பல்லக்கு, முப்பத்தைந்து வருடத்தில் அவர் மற்றவர்களுடைய பிளவுஸுக்கும் வெளிநாட்டு ஆர்டருக்கும் போட்ட டிசைன்கள் அத்தனையும், ஒன்றின்மேல் ஒன்றாக, சில இடங்களில் ஐந்தாறு அடுக்கு, துணியே தடித்துப்போயிருக்கிறது. கை வைத்துப் பார்க்கச் சொன்னார். மயிலின் கழுத்துக்கு அடியில் இன்னொரு மயில் விரலுக்குத் தட்டுப்படுகிறது. கீழே ஒரு அட்டை, மாஸ்டரின் முழுப் பெயர், 47 நாள், விலை 38,000 ரூபாய், அதில் அவருக்கு எவ்வளவு என்பதும்.

இந்த அட்டைக்காகவே இந்த இடத்தை நான் மதிக்கிறேன். துணிக் கலையில் பல காலமாக ஒரு வழக்கம், யோசித்தவர் பெயர் இருக்கும், தைத்தவர் பெயர் இருக்காது. இத்தாலிய ஓவியர் அலிகியரோ போயெட்டி 1971-லிருந்து பெரிய பெரிய உலக வரைபடங்களை எம்பிராய்டரியில் செய்வித்தார், இன்று உலகத்தின் முக்கியமான அருங்காட்சியகங்களில் அவை தொங்குகின்றன. தைத்தது ஆப்கானிஸ்தான் பெண்கள், போர் வந்தபின் பெஷாவரில் அகதிகளாக இருந்த பெண்களும். அவர் அதை மறைக்கவில்லை, ஆனால் நாம் அந்த வரைபடங்களை அவர் பெயரால்தான் சொல்கிறோம். நம் ஊரிலும் எத்தனையோ மாடிகளில் நாலு பேர் ஒரு ஸ்டாண்டைச் சுற்றி உட்கார்ந்து நாள் முழுக்கப் போடுகிற வேலை கப்பலேறுகிறது, போட்டவர் யாரென்று வாங்குகிறவருக்குத் தெரியாது. இங்கே அறையில் விற்பனைக்கு வைத்திருக்கிற ஒவ்வொரு சின்னத் துண்டுக்கும், 900 ரூபாய்த் துண்டுக்குக்கூட, செய்தவர் பெயரும் ஆன நாளும் எழுதியிருக்கிறது. காசிமேட்டு அண்ணன் பழைய வலையில் கட்டிய ஒரு தொங்கலும் இருக்கிறது, அதிலும் அவர் பெயர்.

விலை அதிகம் என்று வகுப்பில் ஒருவர் சொன்னார். நான் அப்படி நினைக்கவில்லை. 38,000-ஐ 47-ஆல் வகுத்துப் பாருங்கள், நாளுக்கு எண்ணூறு சொச்சம், அதிலும் நூல், இடம், கரண்டு எல்லாம் போக. நம் ஊரில் ஒரு பெயிண்டர் நாள் கூலி என்னவென்று தெரியும் நமக்கு. 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினவர்களும் பத்திக் துணி, அதாவது மெழுகு வைத்துச் சாயமேற்றின துணி, செய்து விற்ற காசில்தான் நிலம் வாங்கினார்கள். கலைஞர்களுக்குத் துணி சோறு போட்டிருக்கிறது, துணிக்காரர்களைக் கலைஞர் என்று சொல்ல நமக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

மற்ற குறைகளையும் சொல்லிவிடுகிறேன். எழுத்தில் எந்தக் குறிப்பும் தருவதில்லை, எல்லாம் வாய்மொழி, வீட்டுக்கு வந்தால் பாதி மறந்துவிடும். வாட்ஸப் குரூப்பில் படங்கள் போடுகிறார்கள், ஆனால் எந்தப் படம் எந்தப் படி என்று எழுதுவதில்லை. பன்னிரண்டு பேர் அதிகம், எட்டுப் பேரோடு நிறுத்தினால் நல்லது. ஒரு ஞாயிறு வர முடியாவிட்டால் அது போனதுதான், ஈடு வகுப்பு கிடையாது. குழந்தையைக் கூட்டிவர வேண்டாம், தரை முழுக்க பிளேடும் ஊசியும்.

என் கைலி இப்போது வீட்டுக் கூடத்து சன்னலில் தொங்குகிறது. அப்பா தினமும் கைலி கட்டுகிறவர். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, "நல்ல கைலிய எதுக்கும்மா இப்படி அறுத்து வச்சிருக்க" என்று வருத்தப்பட்டார். மறுநாள் காலை வெயில் அதன் வழியாகத் தரையில் விழுந்ததும் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கிட்டே போனார். மில்லில் இருந்து தாத்தா கொண்டுவருவாராம், ஓரத்தில் இழை அறுந்துபோய்க் கழித்துவிட்ட காக்கித் துண்டுகள், அதைச் சன்னலுக்குத் திரையாகப் பாட்டி கட்டிவைப்பாராம், புளியந்தோப்பு வீட்டில் தரையில் இதே மாதிரிதான் கோடு கோடாக விழும் என்றார். இதை அவர் இதுவரை எங்களிடம் சொன்னதில்லை. அதற்கு மேலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன், தினம் கொஞ்சம் வருகிறது.

அடுத்த பேட்ச் பொங்கல் முடிந்து ஆரம்பிக்கிறார்கள், கீழ்க்கடையில் பெயரும் நம்பரும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் அவர்களே கூப்பிடுவார்கள். கிட்டத்தில் பார்க்க, படிக்கக் கண்ணாடி போடுகிறவர்கள் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள், கைத்துண்டு, தண்ணீர் பாட்டில், சின்னக் கத்தரி உங்களுடையதாகவே இருக்கட்டும். முதல் நாள் சீக்கிரம் போய் சன்னல் ஓரத்து இடத்தைப் பிடியுங்கள், வெள்ளைத் துணிக்கு நேர் எதிரே. மூன்று மணி வரை இருந்துவிட்டு வாருங்கள்.